யாழ்ப்பாணத்து ஆராய்ச்சிகள் யாரிடம் திரும்பிப் போகின்றன?

செம்பாட்டுச்செல்வி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சக் காலமாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே போடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இரசாயனவியல் படித்து முடித்துவிட்டு ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். வலிகாமத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுப்பதுதான் வேலை. வளவு வளவாகப் போய், போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் அலசி, நிரப்பி, இலக்கம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவோம். உரத்திலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் சேரும் நைத்திரேற்று, உப்பைக் காட்டும் குளோரைட்டு, மின்கடத்துதிறன் எல்லாம் பார்ப்போம். உரும்பிராய்ப் பக்கம் ஒரு அம்மா துலாக்காலடியில் நின்று கேட்டார்: "போன வருசமும் ஆரோ வந்து எடுத்தவை பிள்ளை. அதுக்கு முதலும் வந்தவை. எங்கடை தண்ணி குடிக்கலாமோ கூடாதோ எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை."

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் கம்பஸில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், நடக்கிற ஆராய்ச்சிகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கோ. திருநெல்வேலியில் ஒரே மதிலுக்குள் பௌதிகவியல்காரர் சூரியக்கலம் செய்கிறார்கள், விலங்கியல்காரர் நுளம்புக் குடம்பி (புழு) வளர்க்கிறார்கள், பக்கத்துக் கட்டடத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கான தேசவழமைச் சட்டம் பற்றி ஆய்வேடு எழுதுகிறார்கள். கைதடியில் சித்த மருத்துவம், மருதனார்மடத்தில் இசையும் நடனமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடத்தில் ஒரு வளாகமாகத் தொடங்கியது இவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது. எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. ஆனால் தண்ணீர் தந்த அம்மாவுக்கும், இரத்தம் தந்த நோயாளிக்கும், கதை சொன்ன கிழவருக்கும் இதிலிருந்து என்ன திரும்பிப் போகிறது?

உங்களுக்குத் தெரிந்த ஆராய்ச்சி எதுவாக இருந்தாலும் எழுதுங்கோ, எந்தப் பீடமானாலும் சரி. முடிவு தமிழில், அந்த ஆட்களின் கைக்குப் போனதா என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.

கோப்பாய்த்தோட்டம்

பிள்ளை, நீர் கேட்டது சரியான கேள்வி. எங்கள் தோட்டக் கிணற்றிலும் கனபேர் போத்தலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவரையும் நான் மறித்ததில்லை. படிக்கிற பிள்ளைகள் என்று இளநீரும் வெட்டிக் கொடுத்தேன். பிறகு பேப்பரில் பார்த்தால் "தோட்டக்காரர் போடும் உரத்தால் நிலத்தடி நீர் கெடுகிறது" என்று இருக்கிறது. என் கிணற்றுக் கணக்கு என் கைக்கு வரவில்லை. குற்றம் மட்டும் வந்தது.

நாங்கள் செம்பாட்டு மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, கரட் செய்கிறவர்கள். அப்பா காலத்தில் துலா. ஒருவர் மிதிக்க, ஒருவர் பட்டையில் ஊற்ற, ஒருவர் தண்ணீர் மாற என்று மூன்று பேர் வேண்டும். களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டார் வந்த பிறகு கிணறு அடி காணும்வரை இறைக்கலாம். உரமும் அதோடுதான் கூடியது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆகவே உரத்தைக் குறை என்று சும்மா சொன்னால் காது கேட்காது. எவ்வளவு குறைக்கலாம், குறைத்தால் விளைச்சல் என்னவாகும் என்று கணக்குக் காட்டினால் கேட்போம்.

செம்பாட்டுச்செல்வி

ஐயா, அந்தக் கணக்கை இப்போதே காட்டலாம்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. உங்கள் கிணற்றில் சரியாக 50 இருக்கிறது என்று வைப்போம். அதில் நைதரசன் மட்டும் ஏறக்குறைய 11 மில்லிகிராம். ஒரு போகத்தில் 1000 கனமீற்றர் தண்ணீர் இறைத்தால், அந்தத் தண்ணீரோடு 11 கிலோ நைதரசன் உங்கள் தோட்டத்துக்கு வருகிறது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். அப்படியென்றால் 24 கிலோ யூரியாவுக்குச் சமன். கிட்டத்தட்ட அரை மூட்டை.

பயிர் அதை முழுதாக எடுக்காது, கொஞ்சம் கழுவுப்பட்டுக் கீழே போகும். அதனால் அப்படியே அரை மூட்டையைக் கழித்துவிடுங்கோ என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பாத்தியில் மட்டும் குறைத்துப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கிணற்று எண் உங்கள் கையில் இருந்தால்தான் அதையும் செய்யலாம். நான் கேட்பது இதைத்தான்.

கோப்பாய்த்தோட்டம்

இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அரை மூட்டை என்றால் இப்போதைய விலைக்குச் சின்னக் காசு இல்லை, பிள்ளை.

அறிவியல்நகர்

நான் பொறியியல் பக்கம், நீர்வளம்தான் என் துறை. செல்வி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

எங்கள் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சி வைத்திருக்கிறது, மிச்ச மாதங்களுக்கு அதைத்தான் குடிக்கிறோம். அந்த நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. பாடப்புத்தகக் கணக்கில், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர். இதை மறுபக்கமாகவும் பார்க்கவேண்டும். மேலே அரை மீற்றர் இறங்கினால் கீழே உவர் 20 மீற்றர் ஏறப் பார்க்கும். எங்கள் கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். நிலாவரைக் கிணற்றில் மேல்தண்ணீர் நல்லது, ஆழத்துக்குப் போகப்போக உப்பு. பார்க்க வருகிற எல்லோரும் அடி தெரியாத கிணறு என்ற கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். முழுக் குடாநாட்டின் நிலையையும் அந்த ஒரு கிணறு காட்டுகிறது என்று அங்கே ஒரு பலகை வைத்தால் எவ்வளவு நல்லது.

எங்களைப் போன்றவர்கள் செய்யும் கணினி மாதிரிக்கு வேண்டியது நீர்மட்டம். பத்து வருசம் தொடர்ந்து ஒரே கிணற்றில், ஒரே நாளில் அளந்த எண். அதை எந்த ஆய்வுத் திட்டமும் தராது, திட்டம் இரண்டு மூன்று வருசத்தில் முடிந்துவிடும். வீட்டுக்காரர்தான் தரலாம். கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கட்டிலிருந்து தண்ணீர் வரை அளந்து கொப்பியில் எழுதினால் போதும். ஆனால் கணக்கை ஒருமுறையும் திருப்பிக் காட்டாமல் அந்த உதவியை எந்த முகத்தோடு கேட்பது?

பருத்தித்துறைப் பரிசோதகர்

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பி.எச்.ஐ. என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

முதலில் ஒரு அவசரமான விஷயம். நைத்திரேற்று என்று கேட்டதும் "கொதிக்கவைத்துக் குடிக்கிறோம் தானே" என்று சனம் சொல்லும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த வயதுப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் காவும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பயம் இல்லை. இந்த நாலு வரியைக் கர்ப்பிணிகள் கிளினிக்கில் சொல்லலாம். மருத்துவச்சிமாருக்கு ஆய்வு முடிவு கிடைத்தால் அவர்கள் சொல்வார்கள், அதைவிட நல்ல வழி எங்களிடம் இல்லை.

இரண்டாவது, மலசலகூடக் குழி. உரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். சின்ன வளவுகள், ஒரு வளவில் இரண்டு வீடு, அடி கட்டாத குழி, பக்கத்தில் கிணறு. சுண்ணாம்புக்கல்லுக்குள் வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ, குழியின் தண்ணீரும் அந்தத் திசையில் போகும். இத்தனை அடி தள்ளி இருக்கிறது, பயமில்லை என்று எங்கள் மண்ணில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. தோட்டக்காரர் ஐயாவின் ஆதங்கம் நியாயம். பட்டினத்துக்குள் யூரியா ஆர் போடுகிறார்கள்? அங்கேயும் நைத்திரேற்று இருக்கிறது.

நுளம்பு பற்றி வேலை செய்பவர்கள் ஆரும் இங்கே இருந்தால் எழுதுங்கோ. களத்தில் இருந்த காலம் எங்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட ஆராய்ச்சி அது.

குடம்பி

இருக்கிறேன் ஐயா. விலங்கியல்.

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் படித்தோம். கட்டுப்பாட்டு வேலையும் அதை நம்பித்தான் நடந்தது. சிரட்டை, ரயர், பூச்சாடி. எங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து கரையோரங்களில் தேடிப்பார்த்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைவிட்ட படகு, பாவிக்காத கிணறு, எறிந்த போத்தல் இவற்றில் தேங்கிய உவர்த்தண்ணீரிலும் குடம்பிகள் இருந்தன. 1000க்கு 15 பங்கு வரை உப்புள்ள தண்ணீர். கடல்நீர் 35 பங்கு என்று வைத்தால், கடலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான உப்பு. அதுவரை உப்பென்றால் நுளம்பு இல்லை என்று விட்டுவிட்ட இடம் முழுக்க இதற்குள் வருகிறது.

அறிவியல்நகர் அண்ணை சொன்ன உவர் ஏற்றமும் இதுவும் தனித்தனிக் கதை இல்லை. கரையோரக் கிணறு உவராகிறது, சனம் கைவிடுகிறது, கைவிட்ட கிணற்றில் குடம்பி. கிணற்றுக்கு வலை போட்டு மூடுவது, மீன் விடுவது எல்லாம் செய்யலாம். ஆனால் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. கரையோரத்தில் படகு வைத்திருக்கிற எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

பருத்தித்துறைப் பரிசோதகர்

நன்றி தம்பி. 2024 டிசம்பரையும் சொல்லவேண்டும். கார்த்திகை வெள்ளம் வடிந்த கையோடு ஒரு காய்ச்சல் வந்தது, சில உயிர்கள் போயின. இனந்தெரியாத காய்ச்சல் என்று ஊரே பதறியது. மாதிரிகளைப் பரிசோதித்து எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தினார்கள். உடனே வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். முடிவு கிடங்கில் கிடக்காமல் அன்றைக்கே சனத்திடம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

ஆய்வுமேசை

கம்பஸில் படிப்பிக்கிறவன். மற்றவர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒரு போத்தல் தண்ணீரின் முடிவு ஒரு கிணற்றின் தீர்ப்பு ஆகாது. மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இறைக்குமுன் ஒன்று, இறைத்தபின் ஒன்று என்று எண் மாறும். ஒரு தாளில் "52" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டில் "47" என்றால்? கலியாணத்துக்குச் சீதனமாகப் பேசுகிற காணிக்கு விலை இறங்கும் ஊர் இது.

சுன்னாகத்தில் எண்ணெய்ப் பிரச்சினை வந்தபோது பார்த்தோம்தானே. மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் என்று ஒரு பக்கம் அறிக்கை, அச்சப்பட ஒன்றுமில்லை என்று இன்னொரு பக்கம் அறிக்கை. சனம் வீதியில் உட்கார்ந்தது, பவுசரில் தண்ணீர் ஓடியது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்காக மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. இடையில் போன அத்தனை வருசமும் தங்கள் கிணற்றை நம்புவதா விடுவதா என்று தெரியாமல் குடும்பங்கள் இருந்தன.

முறையாகத் திரும்பிப் போகவேண்டும் என்றால் முழு மனதோடு சம்மதம். யார் விளங்கப்படுத்துவது, கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது, எண் மோசமாக இருந்தால் மாற்றுத் தண்ணீர் யார் கொடுப்பது? இதைத் தீர்மானிக்காமல் எண்ணை மட்டும் கொடுப்பது பொறுப்பாகாது. இன்னொன்று, இளைய விரிவுரையாளர்களுக்குப் பதவி உயர்வு ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைக்குத்தான். சனசமூக நிலையத்தில் பேசினதற்குப் புள்ளி இல்லை. மனம் இல்லாமல் இல்லை, நேரம் இல்லாமல் இருக்கிறார்கள்.

செம்பாட்டுச்செல்வி

சேர், சுன்னாகத்தில் சனத்தைக் குழப்பியது எண் கையில் கிடைத்ததா, இல்லை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு எண்ணைச் சொன்னதா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் சரி. அவற்றை ஆய்வு முடிந்த பிறகு கேட்காமல், திட்டத்துக்குக் காசு கேட்கிற விண்ணப்பத்திலேயே எழுதினால் என்ன?

மூன்றாம்வருசம்

நான் கலைப்பீடம். இவ்வளவு நேரமும் தண்ணீரும் நுளம்பும். வாசிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் மனதில் ஒரு பாரமும் இருக்கிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தேன் என்றதற்கே வீட்டில் எத்தனை கதை. இப்போது ஆய்வேட்டுக்கு ஊரின் குறிச்சிப் பெயர்களை, ஊருக்குள் உள்ள சின்னச் சின்னப் பகுதிகளின் பெயர்களை, எடுத்திருக்கிறேன் என்றால், "இதாலை ஆருக்கு என்ன?" என்று மாமா கேட்கிறார். பொறியியல், மருத்துவத்துக்குக் கண்ணால் காட்ட ஒன்று இருக்கிறது. எங்களுக்கு?

அறிவியல்நகர்

தங்கச்சி, பொறியியலாளனாகவே இதற்குப் பதில் சொல்கிறேன்.

1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று ஒரு திட்டம் வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியில் உப்புத் தண்ணீரை மறித்து, கனகராயன் ஆறு கொண்டுவரும் மழைத்தண்ணீரை அங்கே சேர்த்து, முள்ளியான் வழியாக வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. எழுபது வருசம் தாண்டியும் அது முழுதாக நிறைவேறவில்லை.

பிறகு கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் இருந்து குழாயில் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வந்தது. கணக்கு எல்லாம் போட்டார்கள், காசும் ஒதுக்கினார்கள். கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். எங்கள் வயலுக்கே சிறுபோகத்தில் தண்ணீர் போதாது, நீங்கள் கொண்டுபோனால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். அது நியாயமான பயம். அதைக் கணினி மாதிரிக்குள் போட முடியாது. குளத்துத் தண்ணீரில் யாருக்கு உரிமை, அந்த உரிமையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள், யார் சொன்னால் நம்புவார்கள் என்றெல்லாம் முதலே கேட்டு எழுத உங்கள் பீடத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். கடைசியில் திசை மாறித் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர். அங்கேயும் கழிவாக வெளியேறும் கடும் உப்புத் தண்ணீர் மீனை என்ன செய்யும் என்று கடற்றொழிலாளர் கேட்டார்கள். அவர்களோடு இருந்து பேசத் தெரிந்தவர் எங்களில் மிகக் குறைவு.

குறிச்சிப் பெயர்கள் என்றீர்கள். குளம், கேணி, தாழ்வு, வெளி, பள்ளம் என்று முடியும் பெயர்களை ஒரு வரைபடத்தில் போட்டுத் தாருங்கோ. மழைத்தண்ணீர் முன்பு எங்கே நின்றது என்று நாங்கள் துளையிட்டுத் தேடுவதில் பாதி அந்தப் படத்திலேயே கிடைக்கும். மாமாவிடம் இதைச் சொல்லுங்கோ.

நிழல்வாகை

உளசமூக ஆய்வில் வேலை செய்கிறேன். தண்ணீர் எடுத்தால் கிணறு ஊறும். நாங்கள் எடுப்பது அப்படி ஊறுகிற ஒன்று இல்லை.

வன்னியில் ஒரு தாய் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார், மகனைப் பற்றி முதலில் வந்தவர்களுக்குச் சொன்னேன், பிறகு வந்தவர்களுக்குச் சொன்னேன், இப்போது சொல்லும்போது வேறு யாருடையவோ கதையைச் சொல்கிறமாதிரி இருக்கிறது என்று. நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அவரோடு தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்து, இதைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்கக்கூடாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட வடு என்று எழுதினார்கள். அந்த எழுத்து உலகத்தில் எங்கெங்கோ பேசப்படுகிறது. இங்கே அதனால் நடந்த நல்ல காரியம், ஆசிரியர்களையும் கிராமத்து ஆட்களையும் பயிற்றி, மனம் உடைந்தவரை அடையாளம் கண்டு துணைநிற்கச் செய்தது. கட்டுரை எழுதியவர்களே பயிற்சியும் கொடுத்தார்கள். அதனால்தான் அது சனத்திடம் திரும்பிப் போனது.

ஆய்வுமேசை சேர் கேட்டதற்கு எங்கள் துறையின் பதில் இதுதான். கேட்கப் போகிற இடத்தில் ஒருவர் அழுதால் அடுத்து யாரிடம் அனுப்புவோம் என்று எழுதாமல் நெறிமுறைக் குழு அனுமதி தராது. தண்ணீர் ஆய்வுக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்கலாமே.

ஏட்டுக்கட்டு

வரலாறும் ஆவணமும் என் வேலை. மூன்றாம்வருசத்துத் தங்கைக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தமிழில் சொன்னால் விஞ்ஞானம் இறங்கிவிடும் என்ற பயத்தை எங்கள் ஊர் எப்போதோ கடந்துவிட்டது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் என்று தமிழில் நூல்கள் வந்தன. அவரும் அவரது மாணவர்களும் சேர்ந்து செய்த வேலை. ஊர்களில் இருந்து வைத்தியம் பார்க்கப்போகிறவர்களுக்கு ஊர்மொழியில் படிப்பு என்று அவர் முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

விபுலானந்த அடிகளையும் பாருங்கோ. விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர், 1920களின் தொடக்கத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறார். அது இலக்கியமா, பௌதிகமா, இசையா? அவர் எந்தப் பீடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனைக்கோட்டையில் 1980இல் எலும்புக்கூட்டோடு கிடைத்த முத்திரையில் பிராமி எழுத்து. எழுத்தை வாசிக்க ஒருவர், எலும்பைப் பார்க்க உடற்கூறு தெரிந்த ஒருவர், முத்திரை என்ன பொருளால் ஆனது என்று பார்க்க ஒருவர். ஒரு குழிக்குள் அத்தனை துறை.

மாமாவுக்குச் சொல்ல இன்னும் ஒன்று தருகிறேன். தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் சொத்துக்கு அது செல்லும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் செய்த பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்றே தெரியாத பெண் என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதம் இல்லாமல் செய்ய அனுமதி கேட்கவேண்டும். போருக்குப் பிறகு இந்த வாசலில் நின்ற பெண்களைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. அது சட்டமா, வரலாறா, பெண்கள் வாழ்க்கையா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அனுமதி கேட்கலாம் என்பதே தெரியாத பெண்களுக்கு அந்த ஆய்வை ஒரு பக்கத் தமிழில் கொடுத்தாலே போதும், வழி தெரியாமல் தவிக்கமாட்டார்கள்.

ஸ்காபரோவிலிருந்து

கனடாவில் இருந்து வாசிக்கிறேன். எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு வடிகட்டி வாங்க நாங்கள் சிலர் காசு சேர்க்கலாம். எந்த ஊருக்கு முதலில் வேண்டும்?

செம்பாட்டுச்செல்வி

அண்ணை, மனதுக்கு நன்றி. ஆனால் எந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வடிகட்டி வாங்கினால் காசு வீண். சாதாரண வடிகட்டி நைத்திரேற்றை எடுக்காது. அதற்கு எதிர்ச்சவ்வூடுபரவல் முறையோ அயன் மாற்றியோ வேண்டும், அதற்குப் பராமரிப்பும் வேண்டும். முதலில் முடிவுத் தாளுக்கு உதவுங்கோ. நான் நினைக்கிற தாள் இப்படி:

கிணற்றின் இலக்கம், தண்ணீர் எடுத்த திகதி, அதற்கு முந்தின கிழமை மழை பெய்ததா, இறைத்த பிறகு எடுத்ததா. கீழே எண். பக்கத்தில் எல்லை எவ்வளவு. அதற்குக் கீழே ஒரே ஒரு பந்தி: பெரியவர்கள் குடிக்கலாமா, கைப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா, தோட்டத்துக்கு என்ன. கடைசியில் கேள்வி இருந்தால் அந்தப் பகுதிப் பி.எச்.ஐ.யைக் கேளுங்கள் என்று. இதை வீட்டுக்காரரின் கையில் மட்டும் கொடுப்போம். ஊர்க்கூட்டத்தில் பேசும்போது வீட்டு விவரம் இல்லாமல் முழு ஊருக்கும் ஒரு படம். சேர் சொன்ன காணி விலைப் பயமும் இதில் அடங்கும் என்று நினைக்கிறேன்.

ஆய்வுமேசை

இந்த வடிவத்துக்கு எனக்கு மறுப்பில்லை. இரண்டு திருத்தம். ஒரு முறை எடுத்த தண்ணீருக்குத் தாள் வேண்டாம், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எண்ணும் ஒரே தாளில் வரட்டும். அடுத்தது, விளங்கப்படுத்தப் போகிற பிள்ளைகளுக்குப் பி.எச்.ஐ. ஐயா போன்ற ஒருவர் முதலில் வகுப்பு எடுக்கவேண்டும். என் மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வேட்டில் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை இந்த முறை கட்டாயமாக்குகிறேன். அது என் அதிகாரத்துக்குள் இருக்கிறது, யாரையும் கேட்கத் தேவையில்லை.

பருத்தித்துறைப் பரிசோதகர்

வகுப்பு எடுக்க வருகிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் ஓடுகிற நேரமாக வையுங்கோ.

கோப்பாய்த்தோட்டம்

பிள்ளை, எங்கள் சனசமூக நிலையத்தில் இடம் தருவோம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வையும், அதற்கு முன் இறைப்பு.

ஏட்டுக்கட்டு என்று எழுதின பிள்ளையிடம் ஒரு கேள்வி. அப்பாச்சியின் பெட்டகத்தில் ஓலையில் எழுதிய பழைய காணி உறுதிகள் ஒரு கட்டு இருக்கிறது. கயிறு இற்றுப்போய் ஓரம் அரித்திருக்கிறது. மகன் மண்ணெண்ணெய் தடவினால் பூச்சி வராது என்கிறான். தடவலாமோ?

ஏட்டுக்கட்டு

ஐயா, தடவவேண்டாம். வெயிலிலும் வைக்கவேண்டாம், ஓலை வெடிக்கும். ஒட்டியிருக்கிற ஏடுகளை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சீமெந்து நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கோ. பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் பிடிக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் இப்படி வீடுகளில் இருந்து வந்தவை நிறைய உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏடுகளும் எரிந்துபோயின, அதனால் எங்களுக்கு வீட்டுப் பெட்டகங்கள் இன்னும் முக்கியம். ஓலை உங்களிடமே இருக்கும், படம் மட்டும் எடுப்போம்.

உறுதி என்றால் காணியின் பெயர், எத்தனை பரப்பு, எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் எழுதியிருப்பார்கள். உங்கள் குறிச்சியில் அந்தக் காலத்தில் எத்தனை கிணறு, எது யாருக்குப் பொது என்று அதில் இருந்தே வாசிக்கலாம். அறிவியல்நகர் அண்ணைக்கு அது வேண்டும். மூன்றாம்வருசத்துத் தங்கைக்குக் குறிச்சிப் பெயர் வேண்டும். தங்கச்சி, வருகிற சனிக்கிழமை நேரம் இருந்தால் என்னோடு கோப்பாய்க்கு வாரும். ஓலை எழுத்து வாசிக்கப் பழக்கிவிடுகிறேன்.

மூன்றாம்வருசம்

வருகிறேன் அக்கா. கமரா கொண்டுவரவா, போன் போதுமா?

ஏட்டுக்கட்டு

போன் போதும். சரிவாக வெளிச்சம் விழ ஒரு சின்ன ரோர்ச் லைற்றும், அளவுக்கு ஓர் அடிமட்டமும் கொண்டுவாரும். ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும்.